சலாபம் இல்லாத கடல்

முத்தையாபுரத்தில் திருச்செந்தூர் பேருந்துக்கு நிற்கும்போது கிழக்கே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். உப்பளங்களில் குவித்து வைத்த வெள்ளை அம்பாரங்கள் தெரியும். அவற்றுக்கும் அப்பால் துறைமுகம், அதற்கும் அப்பால் கடல். அந்தக் கடலின் அடியில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவந்த ஒரு தொழில் 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோனது. அதன் பெயர் முத்துச் சலாபம். பாரில் சிப்பி விளைந்திருக்கிறதா என்று பார்த்து, நாள் குறித்து, தோணிகளைக் கூட்டி, ஆட்களைக் கடலுக்குள் இறக்கி முத்தெடுத்த வேலை அது. இன்ன நாளில் உயிர் பிரிந்தது என்று சொல்ல முடியாது. வரும் ஆண்டு விளையும், அதற்கடுத்த ஆண்டு விளையும் என்று காத்திருந்த காத்திருப்பிலேயே அது போய்விட்டது. அறுபது ஆண்டு கழித்தாவது அதற்கு ஓர் இரங்கல் எழுதியாக வேண்டும்.

அது பிறந்த வீடு கொற்கை. தாமிரபரணி கடலில் கலந்த இடத்தில் பாண்டியரின் துறையாக இருந்த ஊர். இன்று கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. கொற்கையைச் சுற்றி வயலும் வாழையும்தான். சங்கப் பாடல்கள் அந்தத் துறையின் முத்தைப் பாடுகின்றன. வடக்கே அர்த்தசாஸ்திரம் முத்து வகைகளை அடுக்கும்போது தாமிரபரணியையும் பாண்டிய நாட்டையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் செங்கடல் வழி வந்த கிரேக்க வணிகரின் பயணக் குறிப்பும் கொற்கையை அறிந்திருந்தது. அங்கே முத்துக் குளிப்பவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்று அது எழுதிவைத்திருக்கிறது. முத்தின் கதையில் இந்த வரியை நாம் மறக்கக் கூடாது. சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம், பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்து. பாண்டியன் வீட்டுச் சிலம்புக்குள் வேறென்ன இருக்க முடியும்? அது அவன் கடலின் விளைச்சல்.

அந்த விளைச்சலை நம் முன்னோர் எவ்வளவு உற்றுப் பார்த்தார்கள் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயில் சுவரே சாட்சி. முதலாம் இராசராசன் பாண்டிய நாட்டை வென்றபின் கோயிலுக்குக் கொடுத்த நகைகளின் கல்வெட்டில் முத்துகள் வகைவகையாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து, குளிர்ந்த நீர், சிவந்த நீர். உருண்டையின் அளவுக்கு ஒரு பெயர், மேடுபள்ளத்துக்கு ஒரு பெயர், ஒட்டிப் பிறந்ததற்கு ஒரு பெயர், ஒளியின் சாயலுக்கு ஒரு பெயர். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய தரப்பட்டியல் இது. இன்று நகைக் கடையில் வெள்ளை முத்து, மஞ்சள் முத்து என்பதோடு நம் சொற்கள் தீர்ந்துவிடுகின்றன. தொழில் போகும்போது அதன் சொற்களும் கூடவே போய்விடும்.

முத்துக் குளித்தலைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம். பங்குனி, சித்திரையில் கடல் தெளிந்து அடங்கியிருக்கும் நாட்களே சலாபத்துக்கு உகந்தவை. விடியும் முன் தோணிகள் பாரை நோக்கிப் புறப்படும். பார் என்றால் கடலடிப் பாறைத் திட்டு. சிப்பி அதில்தான் ஒட்டி வளரும். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொலாயிரம் பார் அவற்றுள் பேர்பெற்றது. குளிப்பவர் கனத்த கல்லைக் கட்டிய கயிற்றில் கால் வைத்து நிற்பார். மூச்சை இழுத்து, மூக்கைப் பிடித்து, சாடை காட்டியதும் மேலே இருப்பவர் கயிற்றை விடுவார். கல் அவரை அடிக்குக் கொண்டுபோகும். எட்டுப் பாகம், பத்துப் பாகம் ஆழம். இருக்கும் நேரம் ஒரு நிமிடம், பழகியவருக்குச் சற்றே கூட. அதற்குள் கைக்கு எட்டிய சிப்பிகளைப் பறித்து வலைக்கூடையில் போட்டுக் கயிற்றை அசைக்க வேண்டும். மேலே இழுப்பவரின் கையில்தான் உயிர். அந்தக் கயிற்றை மச்சான் கையில் மட்டுமே கொடுப்பார்கள் என்று இந்தக் கரையில் சொல்வது வழக்கம். தங்கை தாலியறுக்க எந்த அண்ணனும் விடமாட்டான் என்பது கணக்கு.

கரைக்கு வந்த சிப்பியை உடனே உடைக்க மாட்டார்கள். எண்ணி, பங்கு பிரித்து, ஏலம் விட்டு, அடைப்புக்குள் கொட்டி அழுக விடுவார்கள். ஈ மொய்க்கும், நாற்றம் ஊரைத் தூக்கும். சதை கரைந்தபின் கழுவி அலசினால்தான் அடியில் முத்து தெரியும். ஆயிரம் சிப்பிக்கு ஏலம் எடுத்தவருக்கு ஒரு நல்ல முத்தும் இல்லாமல் போகலாம். அந்த நாற்றத்திலிருந்துதான் அரசிகளின் ஆரம் வந்தது.

பேருந்து முள்ளக்காடு தாண்டிப் பழையகாயலில் நிற்கும். ஏறுவோரும் இறங்குவோரும் கொஞ்சம் பேர். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் உலகம் இறங்கிய நிறுத்தம் இது. கொற்கையின் முகத்துவாரத்தை ஆற்று மண் தூர்த்தபின் துறை இங்கே நகர்ந்தது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ இதைக் காயில் என்று எழுதினார். ஹோர்முஸ், கிஷ், ஏடன் கரைகளிலிருந்து குதிரை ஏற்றிவரும் கப்பலெல்லாம் இங்கே தொட்டுப் போகும் என்றார். 19-ஆம் நூற்றாண்டில் பிஷப் கால்டுவெல் இந்த ஊர் மண்ணில் நடந்து சீன, அரபுப் பானை ஓடுகளைப் பொறுக்கியெடுத்தார். மார்க்கோ போலோவின் காயில் இதுதான் என்று அடையாளம் காட்டினார்.

முத்துக்கும் குதிரைக்கும் என்ன உறவு? பாண்டியப் பேரரசே அந்த உறவின்மேல்தான் நின்றது. தமிழ்நாட்டு வெக்கையில் நல்ல போர்க்குதிரை பிறந்து தழைக்காது. குதிரைப்படை இல்லாமல் சோழரையும் போசளரையும் அடக்க முடியாது. ஆகவே அரபிக்கரையிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் குதிரை வாங்கினார்கள். விலைக்கு ஈடாகக் கொடுக்க இந்தக் கரையிடம் உலகம் கேட்ட பொருள் முத்து. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியபடி, கிஷ் தீவின் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். ஒரு குதிரைக்கு 220 பொற்காசு. வழியில் கடலில் செத்த குதிரைக்கும் பாண்டியன் கருவூலமே பணம் கொடுக்க வேண்டும். வந்த குதிரைகளும் இங்கே நெடுநாள் வாழவில்லை. லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்தவர்களை வணிகர்கள் இந்தப் பக்கம் வரவே விடுவதில்லை என்று மார்க்கோ போலோ குறித்திருக்கிறார். குதிரை சாகச் சாகத்தானே அடுத்த கப்பலுக்கு வியாபாரம்.

ஜமாலுத்தீனின் தம்பி தகியுத்தீன் பாண்டியன் அவையில் அமைச்சராகவே இருந்தார். காயல் உள்ளிட்ட துறைகள் அவர் பொறுப்பில் இருந்தன. பாண்டியன் கோயிலுக்கு நிலம் கொடுத்தான். துறைமுகச் சாவியை ஒரு பாரசீக முஸ்லிம் வணிகரிடம் கொடுத்தான். இரண்டையும் ஒரே ஆட்சியின் இயல்பான வேலையாகவே செய்தான். 1281-இல் குப்லாய் கானின் தூதர் யாங் திங்பி நம் சோழமண்டலக் கரையில் வந்து இறங்கினார். அதே ஆண்டில் சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் சிவபெருமான் திருமேனியை நிறுவித் தமிழில் கல்வெட்டு வெட்டினார்கள். அங்கேயிருந்து இங்கே தூது, இங்கேயிருந்து அங்கே தெய்வம். நடுவில் இருந்தது கடல் ஒன்றுதான்.

சலாபத்தில் பங்கு எப்படி? மார்க்கோ போலோ சொல்கிறார்: பத்தில் ஒன்று அரசனுக்கு, இருபதில் ஒன்று சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்பவருக்கு. கடல்கட்டி என்று பின்னாளில் பெயர் பெற்றவர்கள் இவர்களே. பகலில் மந்திரத்தால் கட்டுவார்கள், இரவில் அவிழ்த்துவிடுவார்கள். இரவில் யாரும் திருட்டுத்தனமாக இறங்கிக் குளிக்கக் கூடாதல்லவா? சுறாவையே காவற்காரனாக நிறுத்திய ஏற்பாடு அது.

மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தோடு பாண்டியர் வீடு உடைந்தது. மக்கள் சுந்தரனும் வீரனும் அரியணைக்கு அடித்துக்கொண்டார்கள். 1311-இல் டெல்லிப் படையோடு மாலிக் காபூர் வந்தான். முத்து கொடுத்து வாங்கிய குதிரைகளும் கருவூலத்து மணிகளும் டெல்லிக்குப் போயின. அரசு விழுந்தாலும் சலாபம் விழவில்லை. அதற்கு அரசன் யார் என்பது பொருட்டில்லை. சிப்பி விளைந்தால் போதும். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வந்தார்கள். முத்துக்குளிக்கும் உரிமைக்காகப் பரதவருக்கும் முஸ்லிம் வணிகருக்கும் பகை மூண்டிருந்தது. பரதவர் தலைவர்களுக்குப் போர்த்துகீசியர் இருந்த கொச்சிக்கு வழிகாட்டியவர் ஜோவாவோ த குரூஸ் என்பவர். அவரும் ஒரு குதிரை வணிகர். பரதவர் கரையே கிறிஸ்தவத்துக்கு மாறியது. 1542-இல் பிரான்சிஸ் சேவியர் வந்தார். பின்னால் அண்டிரிக் அடிகளார் இந்தக் கரையிலேயே இருந்து தமிழ் கற்று, 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டார். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல். அந்த அச்சுப் பணிக்கு முத்துக்குளித்துறைப் பரதவர் பணம் திரட்டித் தந்தார்கள். கடலடியில் மூச்சடக்கியவர்களின் காசில்தான் தமிழ் அச்சேறியது. இதைவிடப் பெரிய பெருமை வேறெந்த ஆரத்துக்கும் கிடையாது.

1658-இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். பின்னர் ஆங்கிலேயர் வந்தார்கள். அவர்கள் காலத்தில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவருக்கு. பேராசைதான் கூடிக்கொண்டே போனது. 1905-இல் மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்தில் ஒரே சலாபத்தில் சுமார் 8 கோடி சிப்பிகள் எடுத்தார்கள். மறு ஆண்டே அந்தப் பார்களை ஒரு லண்டன் கம்பெனி 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. சில ஆண்டுகளுக்குள் சிப்பி இல்லை என்று கம்பெனி கையை விரித்தது. அதற்குள் ஜப்பானில் மிகிமோட்டோ சிப்பிக்குள் கரு வைத்து முத்து வளர்த்துவிட்டார். அந்த முத்து சந்தைக்கு வந்ததும் பாரசீக வளைகுடாவின் குளிப்புத் துறைகளும் சரிந்தன.

நம் பக்கம் 1955 முதல் 1961 வரை சலாபம் கடைசியாக ஒருமுறை மூச்சு வாங்கியது. அதன்பின் குளிக்கும் அளவுக்குப் பார்களில் சிப்பி சேரவில்லை. சிப்பி என்றுமே சொன்ன சொல் கேட்பதில்லை. பத்து, இருபது ஆண்டு காணாமல் போய்த் திரும்பி வந்ததுண்டு. ஆனால் அது திரும்பி வர வேண்டிய வீட்டை நாம் என்ன செய்தோம்? சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறைகளைப் பெயர்த்தெடுத்தோம். தூத்துக்குடிக்கு அருகே விலாங்குசல்லி, கீழக்கரைக்கு அருகே பூவரசன்பட்டி என்று இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. 1986-இல் இந்தக் கடல் தேசியப் பூங்காவானது. பாதுகாப்பு வந்தபோது பாதி போயிருந்தது. இத்தனைக்கும் அறிவு இல்லாமல் போகவில்லை. 1973-இல் வேப்பலோடையில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் அழகர்சாமி இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். அந்த முத்தை ஒரு தொழிலாக வளர்த்தெடுக்கத்தான் இந்தக் கரைக்குக் கைகூடவில்லை.

இறந்தவருக்கு மிஞ்சிய உறவு யார்? சங்கு குளிப்பவர்கள் இருக்கிறார்கள். இன்றும் தூத்துக்குடியிலிருந்து கடலில் இறங்கி எடுக்கும் சங்கு வங்காளத்துக்குப் போய் அங்குள்ள பெண்களுக்குக் கல்யாண வளையல் ஆகிறது. பழைய வாணிகத்தில் அறுபடாத ஒரே நூல் இதுதான். காயல்பட்டினம் இருக்கிறது, அங்குள்ளவர்களுக்கு இன்றும் இலங்கையும் ஹாங்காங்கும் பக்கத்துத் தெரு மாதிரி. தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் போகும் ரயிலுக்கு முத்துநகர் என்று பெயர். முத்தையா, முத்தம்மாள், முத்துலட்சுமி என்று தெருவுக்கு நாலு பேர். கடலில் இல்லாத முத்து நம் பெயர்களில் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது ஒன்றே. தஞ்சைக் கோயில் சுவரில் முத்து வகைகளின் பெயர் இருக்கிறது, கொடுத்த அரசனின் பெயர் இருக்கிறது. மூழ்கி எடுத்த ஒருவன் பெயர்கூட அங்கே இல்லை. அரசுகளை எழுப்பிய வாணிகத்தின் அடியில் நின்றது ஒரு நிமிட மூச்சு. அந்த மூச்சுக்கு உரியவர்களை எந்த அரசும் எழுதிவைக்கவில்லை. நாமும் அப்படி இருக்க வேண்டாம். 1961-இல் இருபது வயதில் குளித்தவருக்கு இன்று வயது எண்பதைத் தாண்டியிருக்கும். திரேஸ்புரத்திலோ புன்னைக்காயலிலோ கீழக்கரையிலோ உங்கள் வீட்டிலோ அப்படி ஒரு தாத்தா இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்தப் பாரில் இறங்கினார், கயிறு பிடித்தது யார், எந்தக் கோபுரத்தையும் எந்தப் பனையையும் பார்த்துத் தோணியை நிறுத்தினார்கள் என்று கேட்டு, அவர் சொல்லும் சொற்களை அப்படியே எழுதிவையுங்கள். அவர் பெயரையும் எழுதுங்கள்.