ஞாயிற்றின் காணாக் கதிர்கள்

மட்டாஞ்சேரித் துறையில் படகொன்றில் அமர்ந்து சிற்றலை வானொலி கேட்கிறோம் எனக் கொள்வோம். நண்பகலில் ஒலி திடீரென மங்கி மறைகிறது. பழுது எப்போதும் பெட்டியில் இருப்பதில்லை. சில வேளைகளில் ஞாயிற்றில் நிகழ்ந்த சுடர்வெடிப்பே காரணமாகும். எட்டு நிமிடங்களில் நம்மை எட்டும் அதன் எக்ஸ் கதிர்கள் உயர்வளியை மின்னேற்றி, வானொலி அலைகளை அங்கேயே அடக்கிவிடுகின்றன.

1859இல் காரிங்டன், ஹாட்ஜ்சன் என்னும் ஆங்கிலேயர் இருவர் இத்தகைய வெடிப்பை முதன்முதலாகக் கண்டனர். 1901 முதல் கொடைக்கானல் ஆய்வுக்கூடமும் ஞாயிற்றை நோக்கி வருகிறது. ஆயினும் எக்ஸ் கதிர்களையும் காமாக் கதிர்களையும் வளிமண்டலம் தடுத்துவிடுவதால், தரையிலிருந்து அவற்றைக் காண இயலாது. உயிரைக் காக்கும் கவசமே ஆராய்ச்சிக்குத் திரையாயிற்று.

1958 மார்ச் 20இல் பீட்டர்சன், விங்க்லர் ஆகியோரின் பலூன் கருவி, வெடிப்பொன்றிலிருந்து வந்த காமாக் கதிர்களை வானுயரத்தில் பதிவு செய்தது. 1975 ஏப்ரல் 19இல் ஏவப்பட்ட நமது ஆரியபட்டாவும் ஞாயிற்றின் காமாக் கதிர்களை அளக்கும் கருவியைச் சுமந்து சென்றது. சில நாட்களிலேயே மின்வழங்கல் தடைப்பட்டு, சோதனைகள் நின்றன.

முயற்சி நிற்கவில்லை. 2023 செப்டம்பர் 2இல் புறப்பட்ட ஆதித்யா, புவியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவை நோக்கிச் செல்லும் வழியிலேயே, ஹெலியோஸ் என்னும் கருவியால் வெடிப்புகளின் வன்மை மிக்க எக்ஸ் கதிர்களை அளக்கத் தொடங்கியது. அன்று தடைப்பட்ட ஆய்வின் வழியில் இன்று நாம் தொடர்ந்து செல்கிறோம்.