அரக்குத் தட்டிலிருந்து கணினிக்கு: தமிழ் இசைத்தட்டுகள் வீட்டில் எண்ம வடிவம் பெற்ற வரலாறு

இசைத்தட்டின் வரிப்பள்ளத்தில் பதிந்துள்ள ஒலியை ஊசி கொண்டு எடுத்து, மின்குறிப்பாக்கி, கணினிக் கோப்பாகச் சேமிப்பதே இசைத்தட்டை எண்ம வடிவுக்கு மாற்றுதல் ஆகும். வானொலி நிலையங்களும் ஆவணக் காப்பகங்களும் மட்டும் செய்துவந்த இந்த வேலை, 2000க்குப் பிறகு சேகரிப்பாளர்களின் வீட்டு மேசைக்கு வந்துவிட்டது. இன்று இணையத்தில் நாம் கேட்கும் பழைய தமிழ்ப் பாடல்களில் கணிசமானவை இப்படி வீட்டில் மாற்றப்பட்டவையே.

இது வெறும் பொழுதுபோக்கு அன்று. நாடக மேடையில் புகழின் உச்சியில் இருந்த எஸ். ஜி. கிட்டப்பா 1933ஆம் ஆண்டு, தமது 27ஆம் வயதில் காலமானார். பேசும்படம் எதிலும் அவர் நடிக்கவில்லை. வீணை தனம்மாள் 1938இல் மறைந்தார். இவர்களுடைய இசை நம் காதுக்கு எட்டுவது இசைத்தட்டுகளின் வழியாகத்தான். அந்தத் தட்டு எந்த வேகத்தில் சுழல வேண்டும், எந்த இரைச்சலை நீக்க வேண்டும், எதை வெட்ட வேண்டும் என்பதை இன்று யாரோ ஒருவர் தம் வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்கிறார். அடுத்த தலைமுறை கிட்டப்பாவின் குரல் என்று அறியப்போவது அவருடைய முடிவைத்தான்.

அரக்குத் தட்டுக் காலம்

எடிசன் 1877இல் உருவாக்கிய போனோகிராப், ஒலியை உருளையில் பதிந்தது. தட்டையான வட்டத்தில் பதியும் முறைக்கு எமில் பெர்லினர் 1887இல் காப்புரிமை பெற்றார். கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பெர்க் 1902இல் கல்கத்தா வந்து கௌஹர் ஜான் முதலியோரின் பாடல்களைப் பதிவு செய்தார். அவை ஜெர்மனியின் ஹானோவர் நகரில் தட்டுகளாக அச்சாகித் திரும்பின. 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் தொழிற்சாலை ஏற்பட்ட பிறகு தட்டுகள் இங்கேயே அச்சாயின.

அக்காலத் தட்டின் மூலப்பொருள் அரக்கு. மரக்கிளைகளில் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினோடு கல்தூளும் கரியும் கலந்து சூடாக்கி அழுத்தினால் தட்டு. உலகச் சந்தைக்கு அரக்கை அதிகமாக அனுப்பிய நாடு இந்தியா. அரக்குத் தட்டு கீழே விழுந்தால் அப்பளம்போல் நொறுங்கும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடம் பாடலாம். இரவு முழுக்க ராக ஆலாபனை செய்த வித்துவான்கள் மூன்று நிமிடத்துக்குள் கீர்த்தனையை முடிக்கக் கற்றுக்கொண்டது இந்தக் கட்டாயத்தால்தான்.

1930களில் சென்னை இசைத்தட்டுத் தொழில் வேகம் பிடித்தது. எச்.எம்.வி., கொலம்பியா, ஓடியன் முதலிய முத்திரைகள் போட்டியிட்டன. பின்னாளில் ஏவி.எம். படநிறுவனத்தை நிறுவிய ஏ. வி. மெய்யப்பன், சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலம் ஓடியன் தட்டுகளை வெளியிட்டவர். பாரதியார் பாடல்களை இசைத்தட்டாக்கும் உரிமையும் அவரிடம் இருந்தது. 1949இல் சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளின் உரிமையைப் பெற்றபோது அதையும் அவர் விட்டுக்கொடுத்தார். நாடகங்கள் பல தட்டுகள் கொண்ட செட்டாக வந்தன. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் பாடல்கள் வீதியெங்கும் ஒலித்தன. டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடித் தட்டைக் கேட்டு நாகஸ்வரத்தில் பித்தானவர்கள் ஏராளம்.

வினைல், மைக் செட், ரெக்கார்டிங் சென்டர்

நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் நெடுநேரத் தட்டை அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் 1948இல் அறிமுகம் செய்தது. அடுத்த ஆண்டே 45 சுற்றுத் தட்டு வந்தது. இவை வினைல் எனும் பிளாஸ்டிக்கால் ஆனவை; வரிப்பள்ளம் மிக நுண்ணியது. மேலைநாடுகள் அரக்கைக் கைவிட்ட பின்னரும் இந்தியாவில் 78 சுற்றுத் தட்டுகள் 1960களிலும் அச்சாயின. பீட்டில்ஸ் பாடல்கள்கூட இங்கு 78 சுற்றில் வெளிவந்தன என்பது மேலைநாட்டுச் சேகரிப்பாளர்களுக்கு இன்றும் வியப்பு. மின்சாரம் எட்டாத ஊர்களில் சாவி கொடுத்துச் சுழற்றும் பெட்டிகளே புழக்கத்தில் இருந்தன என்பதை நினைத்தால் நமக்கு அதில் வியப்பில்லை.

தமிழ்நாட்டில் தட்டைத் தனியே வீட்டில் வைத்துக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். ஊருக்கு ஊர் கேட்கவைத்தவர்கள் மைக் செட்காரர்கள். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் மரத்தில் கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டி, விடிகாலையில் பக்திப் பாடலில் தொடங்கி, இரவில் திரைப்பட ஒலிச்சித்திரத்தில் முடிப்பார்கள். கதை வசனத் தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டே முழுப் படத்தையும் மனப்பாடமாகச் சொன்ன மாணவர்கள் அந்நாளில் வகுப்புக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். பாடத்தை மட்டும் அவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்! இன்று சேகரிப்பாளர் கைக்கு வரும் தட்டுகளில் பல இந்த மைக் செட்காரர்களிடம் இருந்தவை. ஆயிரம் முறை ஓடித் தேய்ந்தவை. மணலும் ஊதுபத்திச் சாம்பலும் வரிக்குள் இறங்கியவை.

தட்டிலிருந்து பாட்டை வேறொன்றுக்கு மாற்றும் பழக்கம் கணினியோடு பிறக்கவில்லை. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகம் செய்த ஒலிநாடா கேசட், 1980களில் தமிழகச் சிற்றூர்கள்வரை வந்தது. கடைத்தெருவில் ‘ரெக்கார்டிங் சென்டர்’ என்ற பலகை தொங்கும். வேண்டிய பாடல்களை ஒரு தாளில் எழுதி, 60 நிமிட அல்லது 90 நிமிட வெற்றுக் கேசட்டோடு கொடுத்துவிட்டு வந்தால், கடைக்காரர் தம்மிடமுள்ள எல்.பி., ஈ.பி. தட்டுகளிலிருந்து பதிந்து தருவார். சரியாக அந்தக் காலத்தில் இளையராஜாவின் இசை வந்துகொண்டிருந்ததால் கடைகளில் கூட்டம் குறையவில்லை. அடிச்சுருதி அதிரவேண்டும் என்பதற்காகக் கடைக்காரர் ஈக்குவலைசரில் பாஸை ஏற்றிவிடுவார். அந்த ஒலிக்கே காது பழகியவர்கள், அசல் தட்டைப் பிற்காலத்தில் கேட்டபோது ‘இதில் ஏதோ குறைகிறதே’ என்றார்கள். பெயர்த்தெடுப்பவரின் கை அசலை மாற்றும் என்பதற்கு நம் ஊரிலேயே கிடைத்த முதல் சான்று இது.

கேசட் பெருகியதும் தட்டுகள் எடைக்குப் போயின. சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய பொருள் கடைகளில் தட்டுகளைத் தேடிய தலைமுறைக்கு, 1985இல் அந்தச் சந்தை தீக்கிரையானதும் பெரிய இழப்பாயிற்று. சென்னையில் வி. ஏ. கே. ரங்கா ராவ் போன்ற தனியார் சேகரிப்பாளர்கள் காத்துவைத்திராவிட்டால் பல பதிவுகளின் பெயர்கூட நமக்குத் தெரிந்திராது. 1990இல் மும்பையில் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் தொடங்கப்பட்டது. ஆஸ்திரேலியரான மைக்கேல் கின்னியர் இந்தியத் தட்டுகளின் பட்டியல்களைத் தொகுத்து வெளியிட்டார்.

கணினி வீட்டுக்கு வந்தபோது

ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் 2000இல் வெளிவந்தது. கணினியின் ஒலி உள்ளீட்டுத் துளையில் கம்பியைச் செருகி யாரும் பதிவு செய்யலாம் என்ற நிலையை அது உண்டாக்கியது. சில ஆண்டுகளில் யு.எஸ்.பி. இணைப்புள்ள தட்டுச் சுழற்றிகளும் கடைக்கு வந்தன.

இதில் புதியவர்களைத் திணறவைக்கும் இடம் ஒன்று உண்டு. காந்த வகை ஊசித்தலை தரும் மின்குறிப்பு சில மில்லிவோல்ட் மட்டுமே. மேலும், வினைல் தட்டை வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் பதிவார்கள். தாழ்ந்த ஒலியை அப்படியே வெட்டினால் பள்ளம் அகன்று பக்கத்து வரியில் இடிக்கும். ஒலிக்கவைக்கும்போது இதைத் தலைகீழாக்கிச் சமன் செய்யவேண்டும். 1950களின் நடுவில் இதற்கு ஒரே அளவுகோல் ஏற்பட்டது. போனோ முன்பெருக்கி என்ற சிறு பெட்டி அந்தச் சமன்பாட்டைச் செய்கிறது. அது இல்லாமல் நேரே கணினியில் செருகினால் தகர டப்பாவுக்குள் பாடுவதுபோல் கேட்கும். 78 சுற்றுத் தட்டுகளுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. நிறுவனத்துக்கு நிறுவனம், காலத்துக்குக் காலம் அது வேறு.

ஊசியும் வேறு. 78 தட்டின் வரிப்பள்ளம் எல்.பி. தட்டின் பள்ளத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அகலமானது. எல்.பி. ஊசியைப் போட்டால் அது பள்ளத்தின் அடியில் அழுக்கில் உருண்டு இரைச்சலை மட்டுமே அள்ளி வரும். பழைய சவுண்ட் பாக்ஸ் நூறு கிராமுக்கு மேல் எடையோடு தட்டில் அமர்ந்தது. அதன் எஃகு ஊசி உரசிய உயரத்தில் பள்ளச் சுவர் தேய்ந்திருக்கும். சற்றே பெரிய அல்லது சிறிய ஊசியைப் போட்டால் தேயாத உயரத்தைத் தொட்டு, செத்துப்போனது என்று நினைத்த தட்டும் பாடும்.

தட்டைக் கழுவுவதிலும் ஓர் எச்சரிக்கை: வினைலுக்குப் பயன்படும் ஆல்கஹால் கலந்த திரவம் அரக்கைக் கரைத்துவிடும். அரக்குத் தட்டுக்குக் காய்ச்சி வடித்த நீரும் துளி சோப்புத் திரவமும் போதும், லேபிள் நனையக்கூடாது.

வேகமும் சுருதியும்

‘78’ என்பது பிற்காலத்தில் நிலைபெற்ற எண். தொடக்ககாலத் தட்டுகள் 74 முதல் 82 சுற்றுவரை பலவாறு பதிவாயின. மின்சாரச் சுழற்றி வந்த பின்பும், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் 77.92 சுற்று, 60 ஹெர்ட்ஸ் உள்ள அமெரிக்காவில் 78.26 சுற்று என நுண்ணிய வேறுபாடு இருந்தது. அது காதுக்குத் தெரியாது. ஆனால் 74இல் பதிவான தட்டை 78இல் ஓட்டினால் சுருதி ஏறத்தாழ அரைக் கட்டை உயரும், காலப்பிரமாணமும் விரையும்.

கர்நாடக இசைக்கு இது சிறு விஷயம் அன்று. கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் எத்தனை கட்டையில் பாடினார்கள் என்பது ரசிகர்கள் இன்றும் வியந்து பேசும் பொருள். அந்தப் பேச்சுக்கு ஆதாரமாகப் பலரும் காட்டுவது இணையத்தில் உள்ள ஒலிக்கோப்பை. அந்தக் கோப்பை உருவாக்கியவர் எந்த வேகத்தில் ஓட்டினார் என்பது அதில் எழுதியிருப்பதில்லை. வேகம் தெரியாத பதிவை வைத்துச் சுருதியைக் கணிப்பது, அளவுகோல் இல்லாத வரைபடத்தைப் பார்த்து ஊருக்குத் தூரம் சொல்வது போன்றது.

வேகத்தை ஊகிக்க வழி உண்டு. நாடகப் பாடல்களில் ஹார்மோனியம் பக்கவாத்தியம். அதன் சுரங்கள் நிலையானவை. தட்டின் சுருதி இரண்டு கட்டைகளுக்கு நடுவில் எங்கோ தொங்கினால் வேகம் தவறாக இருக்கலாம். ஆனால் அக்கால ஹார்மோனியங்களே ஒன்றுபோல் சுருதி கூட்டப்பட்டவை அல்ல. ஆகவே இது துணைச் சான்றே தவிர முடிவான சான்று ஆகாது. ஒரே பாடகரின் பல தட்டுகளை, ஒரே பதிவு அமர்வைச் சேர்ந்தவற்றை, அடுத்தடுத்துக் கேட்டு ஒப்பிடுவது இன்னும் நல்ல வழி.

இரைச்சலோடு போன தம்புரா

வீட்டு மாற்றத்தில் மிகுதியான சேதம் நேர்வது ‘சுத்தம்’ செய்யும்போதுதான். இரைச்சல் நீக்கும் மென்பொருளுக்குப் பாட்டு எது, இரைச்சல் எது என்று தெரியாது. மாறாமல் தொடர்ந்து ஒலிப்பது இரைச்சல் என்று அது கொள்கிறது. நம் இசையில் மாறாமல் தொடர்ந்து ஒலிப்பது சுருதி! பாட்டு தொடங்கிய பின்னுள்ள பகுதியை இரைச்சல் மாதிரியாகக் கொடுத்தால் தம்புராவும் ஒத்தும் தட்டின் சீறலோடு சேர்ந்து கரைந்துவிடும். பாடகர் சுருதியின்றி அந்தரத்தில் பாடுவதுபோன்ற பதிவுகள் இணையத்தில் இருப்பதற்குக் காரணம் இதுவே. பாட்டு தொடங்குமுன் ஊசி மட்டும் ஓடும் வெற்று வரியிலிருந்துதான் மாதிரி எடுக்கவேண்டும்.

கீறல்களின் ‘டிக்’ ஒலியை நீக்கும் கருவிக்கும் இதே குறை. மிருதங்கத்தின் வலந்தலைச் சொல்லும் கடத்தின் அடியும் சட்டென்று எழுந்து அடங்குபவை. கருவிக்கு அவையும் கீறல்களே. சற்று முடுக்கிவிட்டால் தனியாவர்த்தனம் பஞ்சு மெத்தையில் வாசித்ததுபோல் ஆகும். பெரிய கீறல்களைக் கையால் ஒவ்வொன்றாகச் சரிசெய்வது மெதுவான வேலை, ஆனால் இசைக்குப் பாதுகாப்பானது. ‘கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி’ என்று நாம் கேலிக்குச் சொல்வோமே, அப்படி ஊசி ஒரே வரியில் சிக்கும் இடத்தில் பெயர்ப்பவர் வெட்டி ஒட்டவேண்டி வரும். எந்த இடத்தில் ஒட்டினோம் என்று குறித்துவைத்தால் மற்றொரு பிரதி கிடைக்கும்போது ஒப்பிடலாம்.

ஒற்றைத்தட ஒலியுள்ள 78 தட்டுக்கு இன்னொரு வசதி இருக்கிறது. இரட்டைத்தட ஊசித்தலையால் பதிந்துகொண்டு இரு தடங்களையும் ஒன்றாகக் கூட்டினால், பள்ளத்தின் மேல்கீழ் அசைவால் வரும் சத்தம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மென்பொருள் தொடாமலே சீறல் குறையும்.

தொடக்கத் தட்டுகளின் முடிவில் பாடகர் தம் பெயரைச் சொல்வது உண்டு. கௌஹர் ஜான் ஆங்கிலத்தில் தம் பெயர் சொல்லி முடிப்பது பெயர்பெற்றது. ஜெர்மனித் தொழிற்சாலையில் லேபிள் ஒட்டுவோர் அடையாளம் காண உதவிய இந்த அறிவிப்பைப் ‘பாட்டோடு சேராதது’ என்று வெட்டிவிடும் வழக்கம் வருந்தத்தக்கது.

கோப்பும் குறிப்பும்

ஆவணக் காப்பகங்கள் பின்பற்றும் 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் இரட்டைத்தடமாகப் பதிந்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 35 மெகாபைட் ஆகும். ஒரு 78 தட்டின் இரு பக்கமும் 200 மெகாபைட்டைச் சுற்றி வரும். இன்றைய வன்தட்டுகளுக்கு இது பாரமே இல்லை. கை படாத மூலக் கோப்பை வேவ் அல்லது ஃபிளாக் வடிவில் இரண்டு இடங்களில் வைத்துவிட்டு, சுத்தம் செய்ததைத் தனிக் கோப்பாக வைக்கலாம். எம்.பி.3 வடிவம் காதுக்குக் கேட்காது என்று கருதும் பகுதிகளை எறிந்துவிடுவதால் பகிர மட்டும் பயன்படும்.

ஒலியோடு லேபிளின் இரு பக்கப் படமும் வேண்டும். தட்டு எண், லேபிளைச் சுற்றியுள்ள வெற்றுப் பகுதியில் பொறித்த வார்ப்பு எண், ஓட்டிய வேகம், ஊசியின் அளவு, செய்த திருத்தங்கள் ஆகியவற்றையும் எழுதிவைக்கவேண்டும். வார்ப்பு எண்ணைக் கொண்டு ஒரே பாடலின் இருவேறு பதிவுகளைப் பிரித்தறியலாம். பதிவு அமர்வின் வரிசையையும் ஊகிக்கலாம்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். 1960இல் வெளியான தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2020 முடிவோடு தீர்ந்தது. பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஆகியோரின் உரிமை தனி. அது அவர்கள் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள். சொந்தப் பயன்பாட்டுக்கும் ஆய்வுக்கும் செய்யும் நியாயமான பயன்பாட்டைச் சட்டம் அனுமதிக்கிறது. ஆகவே கிட்டப்பாவின் காலத்துத் தட்டுகளை ஒலிப்பதிவு உரிமை பற்றிய தயக்கமின்றிப் பொதுவில் வைக்கலாம். 1970களின் திரைப்பாடல் ஈ.பி.க்களை வீட்டுக் கணினியோடு நிறுத்திக்கொள்வதே முறை.