யார்க்கில் எங்கே ரூம் போடலாம்?

இங்கிலாந்தின் வடக்கே யார்க் நகருக்குப் போறதுன்னு முடிவு பண்ணிட்டா, எத்தனை நட்சத்திரம், காலை சாப்பாடு உண்டா என்றெல்லாம் பார்ப்பதற்கு முன்னாடி ஒரு கேள்வி இருக்கு. ரூம் கோட்டைச் சுவருக்கு உள்ளேயா, வெளியேயா?

ரோமானியர்கள் கி.பி. 71-ல் கோட்டை கட்டி ஆரம்பித்த ஊர் இது. 866-ல் வைக்கிங்குகள் பிடிச்சாங்க. அவங்க விட்டுட்டுப் போன குழப்பம் இன்னைக்கும் முகவரியில இருக்கு. ஹோட்டல் ஸ்டோன்கேட்டில் இருக்குன்னு போட்டிருந்தா கோட்டை வாசலைத் தேடாதீங்க. அவங்க பாஷையில 'காட்டா' என்றால் தெரு. வாசலுக்கு இங்கே பெயர் 'பார்'. மிக்கிள்கேட் பார் பக்கத்துல ரூம் கிடைச்சா நம்மாளுங்க ரொம்ப சந்தோஷப்பட வேண்டாம் :-) 1460-ல் யார்க் கோமகன் ரிச்சர்டோட தலையை, காகிதக் கிரீடம் வைத்து, மாட்டின வாசல் அது.

சுவர் சுமார் 3.4 கி.மீ. மேலே ஏறி நடக்கலாம், காசு கிடையாது. ஆனா 1800-ல் நகராட்சியே இதை இடிக்கக் கிளம்பிச்சு. ஊர்க்காரங்க எதிர்த்ததால பெரும்பகுதி தப்பிச்சது. வாசல்களுக்கு முன்னாடி இருந்த காவல் முகப்புகள் மட்டும் போச்சு. முழுசா மிச்சம் இருப்பது வால்ம்கேட் பாரில் மட்டும்தான்.

அடுத்து ரயில் வந்தது. 1841-ல் சுவரைக் குடைந்து ஸ்டேஷனை ஊருக்குள்ளேயே கட்டினாங்க. தண்டவாளம் அங்கேயே முடிஞ்சுடும், ஸ்காட்லாந்து போற வண்டி ரிவர்ஸ் எடுத்துத்தான் வெளியே வரணும். (இந்த டிசைனுக்கு யார் அப்ரூவல் கொடுத்தாங்களோ!) அதனால 1877-ல் சுவருக்கு வெளியே புது ஸ்டேஷன், மறுவருஷம் பக்கத்திலேயே பெரிய ஹோட்டல். சுவருக்கு உள்பக்கம் ரயில்வே கம்பெனி 1906-ல் கட்டின தலைமை அலுவலகமும் 2010-ல் சொகுசு ஹோட்டல் ஆயிடுச்சு. பெட்டியை இழுத்துக்கிட்டு அலைய முடியாதவங்களுக்கு என் ஓட்டு இந்தப் பக்கம்தான்.

ஊஸ் ஆற்றங்கரையில ரூம் போட்டா மாடியில கேளுங்க. 2000 நவம்பர்ல தண்ணீர் வழக்கமான மட்டத்துக்கு மேல 5.4 மீட்டர் ஏறிச்சு. 2015 டிசம்பர்லயும் ஊருக்குள்ள வெள்ளம்.

கடைசியா, 'டவர் வியூ'. ஜன்னலைத் திறந்தா புல்மேட்டு மேல கிளிஃபோர்ட்ஸ் டவர் தெரியும், அழகுதான். ஆனா அந்த மேட்டுல முதல்ல இருந்தது மரக்கோபுரம். 1190 மார்ச்சில், கலகக் கும்பலுக்குப் பயந்து ஊர் யூதர்கள் சுமார் 150 பேர் அதற்குள்ளே அடைக்கலம் புகுந்தாங்க. பலர் தங்கள் குடும்பத்தைக் கொன்று தாங்களும் செத்தாங்க, கோபுரம் எரிஞ்சது. மதம் மாறுகிறோம்னு நம்பி வெளியே வந்தவங்களையும் கும்பல் வெட்டிச்சு. முன்னால நின்னவங்கள்ல யூதர்களிடம் கடன் வாங்கின பெரிய மனுஷங்க இருந்தாங்க. வேலை முடிஞ்சதும் நேரா மினிஸ்டர் தேவாலயத்துக்குப் போய், அங்கே பத்திரமா வச்சிருந்த கடன் பத்திரங்களைக் கொளுத்தினாங்க. மத வெறின்னு மட்டும் சொல்லி முடிக்க என்னால முடியலை.

இப்போ நிற்கும் கல் கோபுரம் அடுத்த நூற்றாண்டில் கட்டினது. மேட்டின் அடிவாரத்தில் 1978-ல் வைத்த நினைவுக்கல் இருக்கு. படிக்கட்டு அவசரத்துல நிறைய பேர் கவனிக்காம ஏறிப் போயிடுவாங்க. டவர் வியூ எடுக்கிறவங்க முதல்ல கீழே இறங்கி அதைப் படிச்சுட்டு வாங்க.