படகில் இருந்த பட்டுக் கைக்குட்டைகள்

1859 மே மாதம், கனடாவின் வடகோடியில் கிங் வில்லியம் தீவின் கரையில் ஒரு படகு கிடைத்தது. பனிச்சறுக்கு வண்டியின் மேல் ஏற்றப்பட்டிருந்த அதற்குள் இரண்டு எலும்புக்கூடுகள். கூடவே பட்டுக் கைக்குட்டைகள், சோப்பு, செருப்புகள், சீப்புகள், பக்திப் புத்தகங்கள், 'தி விகார் ஆஃப் வேக்ஃபீல்டு' நாவல், வெள்ளிக் கரண்டிகள். தின்ன இருந்ததோ கொஞ்சம் தேயிலையும் சுமார் 18 கிலோ சாக்லேட்டும்தான்!

1845இல் எரிபஸ், டெரர் என்ற இரு கப்பல்களில் ஆய்வுப் பயணம் புறப்பட்டுத் திரும்பாத சர் ஜான் பிராங்க்ளின் குழுவினர் விட்டுச்சென்றவை இவை. 129 பேரில் ஒருவரும் ஊர் திரும்பவில்லை. படகும் வண்டியும் சேர்ந்து 600 கிலோவுக்கு மேல் கனம். பசித்த மனிதர்கள் ஏன் இதையெல்லாம் இழுத்தார்கள்? அவர்களைத் தேடிச் சென்ற குழுவின் தலைவர் மெக்ளின்டாக்குக்கே அது புரியவில்லை. படகின் முகம் கைவிட்ட கப்பல்களின் பக்கமே திரும்பியிருந்ததால், திரும்பிப் போகும் வழியில் நின்றுவிட்டார்கள் என்று அவர் கருதினார்.

படகு கிடைப்பதற்கு முன்பே கரண்டிகள் பேசியிருந்தன. 1854இல் ஆய்வுப் பயணி ஜான் ரே, அப்பகுதியின் இனுயிட் மக்களிடமிருந்து முத்திரை பொறித்த கரண்டிகளையும் பிராங்க்ளினின் பதக்கத்தையும் விலைக்கு வாங்கினார். பிராங்க்ளின் குழுவினர் பட்டினியில் மனித மாமிசம் உண்ட கதையையும் அம்மக்கள் சொன்னார்கள். லண்டன் கரண்டியை நம்பியது, கதையை நம்பவில்லை. சார்லஸ் டிக்கன்ஸ் இனுயிட்டுகளையே சந்தேகித்து எழுதினார். பின்னாளில் எலும்புகளில் தெரிந்த கத்திக் கீறல்கள் அவர்கள் பக்கமே சாட்சி சொல்லின.

எரிபஸ் 2014இலும் டெரர் 2016இலும் கடலடியில் அகப்பட்டன. டெரரின் அலமாரிகளில் தட்டுகள் இன்னும் அடுக்கியபடியே இருக்கின்றன.