அன்னபூரணியின் இரண்டு பெயர்கள்

கற்பிட்டி முனையை ஒட்டிக் கொழும்புக்குப் பாய் விரித்துப் போன யாழ்ப்பாணத்துத் தோணிகளைப் புத்தளம் கரைக்காரர் பல தலைமுறையாகப் பார்த்தவர்கள். 1344இல் பயணி இபின் பதூதா வந்திறங்கியதும் இந்தக் கரையில்தான். யாழ்ப்பாணத்து அரசர் ஆரியச் சக்கரவர்த்திக்குச் சிறிதும் பெரிதுமாக நூறு கப்பல்கள் இருக்கக் கண்டதை அவர் எழுதிவைத்தார். அவற்றைக் கட்டியவர் யார், எந்த மரத்தில் கட்டினார் என்பது அந்தக் குறிப்பில் இல்லை. அறுநூறு ஆண்டு கழிந்தும் அந்தக் குறை தீரவில்லை என்பதற்கு அன்னபூரணி என்ற கப்பல் சாட்சி.

1930இல் வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தால் கட்டிக் கடலில் இறக்கிய இரட்டைப் பாய்மரக் கப்பல் அது. நீளம் 89 அடி, அகலம் 19 அடி. அங்கே கப்பல் கட்டும் மேத்திரிமார் வரைபடத்தைப் பார்த்து வேலை செய்யவில்லை. ஏரா என்ற அடிமரத்தை வைப்பதிலிருந்து பலகை இடுக்கை அடைக்கும் கலப்பத்து வரை கணக்கெல்லாம் கண்ணிலும் கையிலும் இருந்தது.

'ஸ்வாப்' என்ற 32 அடிப் பாய்ப்படகில் உலகைச் சுற்றி 1931இல் ஊர் திரும்பிய அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அன்னபூரணியை விலைக்கு வாங்கினார். தன் மனைவியின் பெயரைச் சூட்டினார்: 'புளோரன்ஸ் சி. ராபின்சன்'. கப்பல் தலைவரான தண்டையல் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறை மாலுமிகளுமாக 1937இல் புறப்பட்டார்கள். ஏடன், சுயஸ், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், பிறகு அட்லாண்டிக். 1938 ஆகஸ்ட் 1ஆம் தேதி மாசசூசெட்ஸின் குளோஸ்டரில் கப்பல் நங்கூரம் போட்டது. பாய்க்கப்பலிலேயே வாழ்ந்து பழகிய மீன்பிடித் துறைமுகம் அது. அந்த ஊரார் முன்னால் போய் நின்றதே பெரிய காரியம் என்பேன்.

ஓர் அருங்காட்சியகத்தில் கப்பல் கட்டுமானத் தாள்களை அடுக்கப் பயிற்சிக்கு வரும் பிள்ளை இந்தக் கப்பலை எந்தப் பெயரில் பதிவது? விலைக்கு வாங்கியவர் வைத்த பெயரில் மட்டும் பதிந்தால், அன்னபூரணியைத் தேடி வருபவர் வெறுங்கையோடு போவார். கப்பல் ஒன்றானாலும் அட்டை இரண்டு வேண்டும். ஒன்றிலிருந்து மற்றதற்குக் குறிப்பு வேண்டும். கட்டிய ஊரும் மரமும் முதல் வரியிலேயே வரவேண்டும். இது சில்லறை வேலை அல்ல. விற்ற கப்பலுக்கும் கட்டிய கரைக்கும் உள்ள உறவு அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

இதே குறை இந்தக் கரையிலும் உண்டு. புத்தளம் களப்பில் இன்று பைபர் படகுகளே கூடுதல். மரத்தில் வள்ளம் கட்டத் தெரிந்த முதியவர்களிடம் தாள் எதுவும் இல்லை. ஏராவுக்கு எந்த மரம், எந்தப் பருவத்தில் வெட்டுவது, பலகை இடுக்கில் எதை வைத்து அடைப்பது என்று அவர்கள் வாயால் சொல்லக் கேட்டு எழுத, கற்பிட்டிக்கு இந்த மாதமே ஆள் அனுப்பலாம்.