பீரோவில் பூட்டிய பம்ப்: ஆஸ்துமா மருந்து பள்ளிக்கூடம் வரை வந்த கதை

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி, படிப்பதற்கு ஏற்பத் திருத்தியது)

இந்தப் பகுதியில் நாம் பேசப்போவது உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு சின்னப் பொருளின் வரலாறு. டாக்டர்கள் இன்ஹேலர் என்பார்கள். நம்ம வீடுகளில் அதுக்குப் பேர் பம்ப். அது எப்படி உருவாச்சு, பிள்ளையின் பையிலிருந்து எடுத்து ஹெச்.எம். ரூம் பீரோவில் பூட்டி வைக்கிற வழக்கத்தைச் சில நாடுகள் எப்படி மாத்துச்சு, போடி மலைச்சரிவில் இருக்கிற ஒரு பள்ளிக்கூடம் இதிலிருந்து என்ன எடுத்துக்கலாம் என்பதுதான் இன்றைய பேச்சு.

மலையும் மூச்சும்

போடிநாயக்கனூர் என்றதும் ஏலக்காய் ஞாபகம் வரும். மேலே இடுக்கித் தோட்டங்களில் விளைகிற காய், கீழே போடியில் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையத்தில் விலை போகுது. விடியற்காலையில் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டு ரோட்டில் ஏறும். ஊருக்குள்ளே ஏலக்காய் தரம் பிரிக்கும் இடங்கள் இருக்கு. இலவம் பஞ்சுக்கும் மெத்தை, தலையணைக்கும் பேர் போன ஊர் வேற.

இழுப்பு இருக்கிற ஒரு பிள்ளைக்கு இதே ஊர் வேற மாதிரி. பஞ்சுத் தூசி, ஏலக்காய் காய வைக்கிற ஸ்டோரின் விறகுப் புகை, தோட்டத்தில் மருந்து அடிக்கிற வாடை, மலையிலிருந்து இறங்குகிற காலைக் குளிர். இதெல்லாம் எல்லாருக்கும் இழுப்பைக் கொண்டு வரும்னு சொல்லவில்லை. ஏற்கெனவே ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இவை கிளப்பிவிடலாம். குளிர் காற்றில் ஓடுவதும் கிளப்பிவிடலாம். அதாவது பி.டி. பீரியட்.

அப்புறம் தூரம். போடி டவுனில் அரசு மருத்துவமனை இருக்கு. பெரிய வைத்தியம் வேணும்னா தேனி அரசு மருத்துவக் கல்லூரி. அது இருப்பது க.விலக்கில். போடியிலிருந்து தேனிக்கே 15 கிலோமீட்டர், அதையும் தாண்டிப் போகணும். குரங்கணி, கொட்டகுடி பக்கத்துப் பிள்ளைக்கு போடி வந்து சேருவதே ஒரு மலைப்பாதைப் பயணம். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வந்தது பெரிய மாற்றம்தான். ஆனாலும் கொண்டை ஊசி வளைவில் எந்த வண்டியும் ஓரளவு வேகத்தில்தான் ஏற முடியும். சில குடியிருப்புகளுக்கு ஜீப் தடம் மட்டும்தான்.

கடுமையான இழுப்புக்கு நிமிஷக் கணக்கு முக்கியம். மூச்சுக்குழாயைச் சுத்தியிருக்கிற தசை இறுகுது, உள்சுவர் வீங்குது, சளி அடைக்குது. பம்பில் இருக்கிற சால்புட்டமால் அந்தத் தசையைச் சில நிமிஷங்களிலேயே தளர்த்திவிடும். அதனால் மலைப்பள்ளியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மருந்து பிள்ளைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கு என்பது. இந்த மருந்தின் 200 வருஷ வரலாற்றையும் இந்தக் கேள்வியை வைத்தே சொல்லலாம்.

மெட்ராஸில் கப்பலேறிய புகை

கதை நம்ம மாநிலத்திலேயே ஆரம்பிக்குது. 1800-ஐ ஒட்டிய வருஷங்களில் மெட்ராஸில் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். தாவரவியலிலும் பெயர் பெற்றவர். சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் அவருக்குச் சிலை இருக்கு. மூச்சிரைப்புக்கு ஊமத்தை இனச் செடியைக் காய வைத்துப் புகைக்கும் வழக்கத்தை இங்கே தெரிந்துகொண்டு அவர் பரிந்துரைத்தார். 1802-ல் ஜெனரல் ஜென்ட் என்ற ராணுவ அதிகாரி அந்த முறையை பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கும் மேலே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ‘ஆஸ்துமா சிகரெட்’ கடைகளில் விற்றது.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லிடணும். ஊமத்தை விஷம். வீட்டில் யாரும் முயற்சி செய்யக் கூடாது. ஆனா அந்தப் புகையில் வேலை செய்த பொருளின் வேதியியல் வாரிசு இன்றும் நம்மிடையே இருக்கு. ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைக்கும்போது சால்புட்டமாலோடு சேர்த்துப் போடுகிற இப்ராட்ரோபியம், அட்ரோபின் குடும்பத்து மருந்து. அட்ரோபின் ஊமத்தையில் இருப்பது.

மருந்து நேரா நுரையீரலுக்கே போனால் சீக்கிரம் கேட்கும் என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்திருந்தது. அடுத்து வந்தது அட்ரினலின். 1901-ல் ஜோகிச்சி தாகாமினே அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார். இரண்டே வருஷத்தில் நியூயார்க் டாக்டர்கள் அதை ஆஸ்துமாவுக்கு ஊசியாகப் போட்டார்கள். நல்லா கேட்டுச்சு. ஆனா ஊசி என்றால் டாக்டரிடம் போகணும். 1920-களில் எபிட்ரின் பிரபலமாச்சு. அது மாத்திரையாகக் கையிலேயே இருக்கும், ஆனா வேலை செய்ய நேரம் எடுக்கும். ஒண்ணு வேகம், ஒண்ணு பக்கம். ரெண்டும் ஒரே மருந்தில் கிடைக்க இன்னும் முப்பது வருஷம் ஆச்சு.

பதிமூணு வயசுப் பெண்ணின் கேள்வி

1955. அமெரிக்காவில் ரைக்கர் லேபாரட்டரீஸ் என்ற மருந்துக் கம்பெனியின் தலைவர் ஜார்ஜ் மேய்சன். அவர் மகள் சூசிக்கு 13 வயசு, ஆஸ்துமா. அப்போ இருந்த கருவி, ரப்பர் பல்பை அழுத்தி மருந்தைத் தூவுகிற கண்ணாடிக் குடுவை. கீழே விழுந்தால் உடையும், தூக்கிக்கொண்டு திரிவதும் சிரமம். தலைமுடிக்கு அடிக்கிற ஸ்ப்ரே டப்பா மாதிரி என் மருந்தையும் ஏன் ஒரு டப்பாவில் அடைக்கக் கூடாது என்று அவள் அப்பாவிடம் கேட்டாள்.

அப்பா அதைத் தன் ஆய்வுக்கூடத்திடம் ஒப்படைத்தார். 1956 மார்ச்சில் மெடிஹேலர் விற்பனைக்கு வந்துச்சு. ஒவ்வொரு அழுத்துக்கும் அளந்த அளவு மருந்து வரும், சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். இன்னிக்கு நாம் பயன்படுத்துகிற பம்பின் மூதாதை அதுதான்.

பயத்துக்கும் ஒரு காரணம் இருந்தது

மருந்தை மாணவர் கையில் கொடுக்கப் பெரியவர்கள் தயங்கினால் அதை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்கிட முடியாது. 1960-களில் பிரிட்டனில் ஆஸ்துமா சாவுகள் திடீர்னு கூடிச்சு. ரொம்ப அதிகமாகக் கூடியது 10 முதல் 14 வயசுப் பிள்ளைகளிடம். அப்போதைய பம்புகளில் இருந்த ஐசோப்ரினலின் மூச்சுக்குழாயோடு இதயத்தையும் சேர்த்துத் தூண்டும் மருந்து. அதை அளவுக்கு மீறி நம்பியதையும் இந்தச் சாவுகளையும் ஆய்வாளர்கள் தொடர்புபடுத்தினார்கள். எச்சரிக்கை போச்சு. 1968-ல் அந்தப் பம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆக்கினார்கள். சாவுகள் குறைந்தன.

அதற்குள் வேற மருந்து தயாராகிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தின் வேர் என்ற ஊரில் ஆலன் அண்ட் ஹேன்பரிஸ் கம்பெனியில் டேவிட் ஜாக் குழு உருவாக்கியது சால்புட்டமால். மூச்சுக்குழாய் மேல் அதிகமாகவும் இதயத்தின் மேல் குறைவாகவும் வேலை செய்யும். 1969-ல் வென்டோலின் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இன்று இந்திய அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சால்புட்டமால் இருக்கு.

ஆனா அந்தப் பழைய எச்சரிக்கையின் ஒரு பகுதி இன்னும் செல்லும். பம்பை அடிக்கடி அடிக்க வேண்டி வந்தால் நோய் கட்டுக்குள் இல்லைன்னு அர்த்தம். வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் இல்லாமல் சால்புட்டமாலை மட்டும் நம்பி இருக்கக் கூடாதுன்னு உலக ஆஸ்துமா வழிகாட்டி அமைப்பான ஜீனா 2019-ல் தெளிவாகச் சொல்லிடுச்சு. இன்று நாம் பேசுகிற பள்ளிப் பம்ப் அவசரத்துக்கு மட்டும்.

பூட்டைத் திறந்த சட்டங்கள்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2012 அக்டோபரில் ரயான் என்ற 12 வயசுப் பையன் பள்ளிக்கூடத்தில் இழுப்பு வந்து இறந்துபோனான். அவனுடைய பம்ப் தலைமையாசிரியர் அறையில் பூட்டி இருந்தது. மருந்து இருந்துச்சு, அதே கட்டடத்தில் இருந்துச்சு. அவன் அம்மா விடாமல் போராடினார். 2015-ல் ‘ரயான் சட்டம்’ வந்தது. பெற்றோர் அனுமதி இருந்தால் மாணவர் பம்பைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொரு பள்ளிக்கும் ஆஸ்துமா திட்டம் இருக்கணும் என்று அது சொல்லுது.

அமெரிக்கா 2004-லேயே ஒரு மத்தியச் சட்டம் மூலம் மாணவர்கள் பம்பைத் தாங்களே வைத்துக்கொள்ள விடும்படி மாநிலங்களை ஊக்கப்படுத்தியது. பிரிட்டன் இன்னொரு படி போனது. 2014 அக்டோபர் 1 முதல், டாக்டர் சீட்டு இல்லாமலே பள்ளிகள் அவசரத்துக்கு சால்புட்டமால் பம்ப் வாங்கி வைக்கலாம். பிள்ளையின் சொந்தப் பம்ப் தீர்ந்துபோனாலோ வீட்டில் மறந்துவிட்டாலோ அது உதவும். ஆனா எல்லாப் பிள்ளைக்கும் அடிக்க முடியாது. ஆஸ்துமா இருக்குன்னு டாக்டர் சொல்லியிருக்கணும், பெற்றோர் எழுத்தில் சம்மதம் தந்திருக்கணும்.

கவனிச்சீங்கன்னா, இந்தச் சட்டங்கள் எதுவும் புது மருந்து கண்டுபிடிக்கவில்லை. மருந்து 1969-லேயே வந்தாச்சு. அதிலிருந்து இந்தச் சட்டங்கள் வர முப்பத்தைந்து வருஷமோ அதுக்கு மேலேயோ ஆச்சு.

நம்ம ஊர்க் கணக்கு

நம்ம நாட்டில் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை 1909-ல் பரோடா நகரில் ஆரம்பிச்சது. 1946-ல் போர் கமிட்டி இதைப் பேசியது, 1960-ல் ரேணுகா ராய் தலைமையில் பள்ளி சுகாதாரத்துக்கென்றே தனிக் கமிட்டி அமைந்தது. 2013-ல் ஆர்.பி.எஸ்.கே. என்கிற தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் வந்தது. நடமாடும் மருத்துவக் குழு வருஷத்துக்கு ஒரு தடவை அரசுப் பள்ளிக்கு வந்து பிள்ளைகளைப் பார்க்கும். அவர்கள் தேடுகிற 30 பிரச்சினைகளில் மூச்சுக்குழாய் இறுகும் நோயும் ஒண்ணு. அதாவது ஆஸ்துமா அரசுப் பட்டியலில் ஏற்கெனவே இருக்கு.

ரெண்டு இடைவெளி மிச்சம் இருக்கு. முதலாவது, கண்டுபிடிக்கிறது. உலக ஆஸ்துமா வலையமைப்பின் இந்திய ஆய்வு 2022-ல் வெளியாச்சு. மூச்சில் வீசிங் சத்தம் இருப்பவர்களில் 82 சதவீதம் பேருக்கு ஆஸ்துமா என்று யாரும் சொன்னதே இல்லைன்னு அது காட்டுச்சு. ‘சளி’, ‘ஈஸ்னோபீலியா’, ‘குளிர் ஒத்துக்கல’ன்னு சொல்லி ஒரு டெரிபிலின் ஊசியோடு முடிச்சுக்கிறோம். பம்ப் அடிச்சா பழகிடும்ங்கிற பேச்சும், பொண்ணுக்கு நாளைக்கு வரன் பார்க்கணுமேங்கிற பயமும் கூடவே இருக்கு. வீட்டில் மறைக்கிற நோய்க்குப் பள்ளிக்கூடம் மருந்து வைக்க முடியாது.

ரெண்டாவது, வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற வண்டிக்கும் திங்கட்கிழமை பிரேயரில் வருகிற இழுப்புக்கும் நடுவில் இருக்கிற நாட்கள். பிரிட்டனில் உள்ள மாதிரி பள்ளிக்கென்று தனி விதி நம்மிடம் இல்லை. சால்புட்டமால் இங்கே டாக்டர் சீட்டு வேண்டிய ‘ஹெச்’ அட்டவணை மருந்து. அதனால் பள்ளி தானாகக் கடையில் வாங்கி வைக்க முடியாது.

இப்பவே செய்யக்கூடியது

சட்டம் வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் யாராவது ஒருத்தர் இதை எடுத்துப் பேசினாலே போதும்.

பிள்ளைக்கு இழுப்பு இருந்தால் ஒளிக்காமல் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்க. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடமோ உங்க டாக்டரிடமோ, பெயர், மருந்து, எத்தனை அழுத்து என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்க. பிள்ளை பெயருக்கே ரெண்டாவது பம்ப் ஒன்று எழுதி வாங்கி, பெயர் ஒட்டிப் பள்ளியில் கொடுங்க. சில நூறு ரூபாய்க்குள் முடியும். அதைப் பூட்டாத இடத்தில், எல்லா ஆசிரியருக்கும் தெரிந்த இடத்தில் வைக்கச் சொல்லுங்க. விவரம் தெரிந்த வயசு என்றால் பம்ப் பிள்ளை பையிலேயே இருக்கட்டும். காலாவதித் தேதியை ஒவ்வொரு டெர்மிலும் பாருங்க.

பம்பை நேரா வாயில் அடித்தால் சின்னப் பிள்ளைகளுக்கு மருந்தில் பெரும்பகுதி வாயிலும் தொண்டையிலுமே தங்கிடும். நடுவில் ஸ்பேசர் வேணும். வாங்க வசதி இல்லைன்னா? தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலில் ஓட்டை போட்டு ஸ்பேசராகப் பயன்படுத்திப் பார்த்தார்கள். கடை ஸ்பேசர் அளவுக்கே குழந்தைகளுக்கு வேலை செய்ததுன்னு 1999-ல் ‘லான்செட்’ இதழில் வெளியாச்சு. ஓட்டை பம்பின் வாய்க்கு இறுக்கமாகப் பொருந்தணும், அதனால் டாக்டரிடமோ நர்ஸிடமோ ஒரு தடவை காட்டிச் செய்துக்கங்க.

இழுப்பு வந்துட்டால் பிள்ளையைப் படுக்க வைக்காதீங்க, நிமிர்த்தி உட்கார வையுங்க. டாக்டர் எழுதின தாளைப் பார்த்து, ஸ்பேசர் வழியாக ஒவ்வொரு அழுத்தாகக் கொடுங்க. பிரிட்டன் பள்ளிகளுக்குக் கொடுத்த வழிகாட்டி அதிகபட்சம் 10 அழுத்து வரை சொல்லுது. பிள்ளையால் ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியலை, உதடு நீலமாகுது, மருந்துக்குக் கேட்கலைன்னா 108-க்குக் கூப்பிடுங்க. மலையில் இருந்தால் இன்னும் சீக்கிரமே கூப்பிடணும், ஏன்னா வண்டி வந்து சேர நேரம் பிடிக்கும். வண்டி வரும் வரை பிள்ளையைத் தனியா விடக்கூடாது.

2020-ல் வந்த ஆயுஷ்மான் பாரத் பள்ளி சுகாதாரத் திட்டத்தில் ஒவ்வொரு பள்ளியிலும் ரெண்டு ஆசிரியர்களைச் சுகாதாரத் தூதர்களாக நியமிக்கச் சொல்லியிருக்காங்க. இந்தப் பயிற்சியை அவர்களிடமிருந்தே ஆரம்பிக்கலாம். ஒரு மதியம் போதும். உங்க பள்ளியில் அந்த ரெண்டு பேர் யாருன்னு நாளைக்கே விசாரிச்சுப் பாருங்க.