பவழக்காரத் தெரு

விடியற்காலையில் பெரும்பாக்கம் வாரியக் குடியிருப்பு வாசலில் நின்றால், காலிக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பாரிமுனைக்குக் கிளம்பும் பெண்களைப் பார்க்கலாம். 2015 வெள்ளத்துக்குப் பின் ஆற்றங்கரைகளிலிருந்து இங்கே குடியேற்றப்பட்ட குடும்பங்கள் பல. பூக்கார அம்மா ஒருவர் பேச்சோடு பேச்சாகச் சொன்ன ஜார்ஜ் டவுன் தெருவொன்றின் பெயர் என் மனத்தில் தங்கிவிட்டது: பவழக்காரத் தெரு.

பவழம், பவளம் இரண்டும் வழக்குத்தான். வடமொழிப் பிரவாளத்தோடு உறவுள்ள சொல். பழந்தமிழில் இதற்குத் துகிர் என்றும் பெயர். சிலப்பதிகாரம் புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்துக் கடைவீதியில் துகிரைக் காட்டுகிறது. அங்கேயே யவனர் இருப்பிடத்தையும் காட்டுகிறது. பாக்கம் என்பது நெய்தல் நிலத்து ஊர். பெரும்பாக்கத்தின் பெயரில் உள்ளதும் அந்தச் சொல்லே.

ஜார்ஜ் டவுன் பவழம் மத்தியதரைக் கடலில் விளைந்தது. இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்திலிருந்து லண்டன் போய், அங்கிருந்து சென்னைக்குக் கப்பலேறியது. அந்த வணிகத்தில் முன்நின்றவர்கள் யூதர்கள். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் வாழவிடாமல் துரத்தப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். பவழத்தை விற்றுக் கோல்கொண்டா வைரம் வாங்கினார்கள். 1688-ல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது அதன் ஆல்டர்மேன்களில், அதாவது நகரமன்ற மூத்த உறுப்பினர்களில், மூவர் யூத வணிகர். 1687-ல் இறந்த யூத வணிகர் ஜாக் தெ பைவா பெத்துநாயக்கன்பேட்டையில் அடக்கமானார். அப்பகுதியிலிருந்த யூதர் கல்லறைக் கற்கள் சில பின்னாளில் பெயர்த்தெடுக்கப்பட்டன. இன்று லாயிட்ஸ் சாலையில் எபிரேய எழுத்துகளைச் சுமந்து நிற்கின்றன.

இந்த வணிகர்களுக்கு வைத்த பவழக்காரர் என்னும் சொல்லில் என்னைத் தொடுவது அதன் கடைசிப் பகுதி. பால்காரர், பூக்காரம்மா, கடைக்காரர் என்று தொழிலைச் சொல்லி ஆளைக் கூப்பிடும் விகுதி அது. பக்கத்திலேயே ஆர்மீனியர் வாழ்ந்த தெரு உண்டு. அவர்கள் இனப்பெயர் நம் நாவில் புரண்டு 'அரண்மனைக்காரத் தெரு' ஆகிவிட்டது. பவழக்காரர் பெயருக்கு அந்தக் குழப்பமே வரவில்லை. எங்கிருந்து வந்தாய், எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று கேளாமல், கையில் என்ன சரக்கு என்று மட்டும் பார்த்து வைத்த பெயர் அது. அதனால்தான் பெயருக்கு உரியவர்கள் போன பிறகும் நிலைத்திருக்கிறது.

பெரும்பாக்கத்தில் புதிதாகக் குடிவந்தவர்களை 'போர்டு ஆளுங்க' என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வேரோடு பிடுங்கி நடப்பட்டவர்களுக்கு அது பெயரல்ல, ஒதுக்கல். அவர்களுள் பூக்காரர் இருக்கிறார், மீன்காரர் இருக்கிறார், தையல்காரர் இருக்கிறார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் கடல்கடந்து வந்தவர்களுக்கு இந்த நகரம் கொடுத்த மரியாதையை, கூவம் கரையிலிருந்து வந்தவர்களுக்கும் கொடுக்க வேண்டும். அதற்கான சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.